ஒரே வயது, ஒரே சேறு: சுண்ணாம்புக்கல் ஓரிடத்தில் மட்டும் ஏன் இறுகுகிறது?

கேள்வி இது: இங்கிலாந்தின் டோவர் பக்கத்து வெள்ளைச் சாக் (chalk) பாறை, அதாவது மிருதுவான ஒருவகைச் சுண்ணாம்புக்கல், கையில் ஒட்டும், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். ஏறக்குறைய அதே காலத்தில், அதே மாதிரிக் கடலில் படிந்த வட அயர்லாந்தின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை உடைக்கச் சுத்தியல் வேண்டும். வயதும் ஒன்று, பொருளும் ஒன்று. அப்படியானால் புதைந்த பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது? மேலே ஏறும் பாரம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

பாரத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் முதல் இடம் அதற்கு இல்லை. படியும்போது அந்தச் சேறு எந்தக் கனிமத்தால் ஆனது, பிறகு அதன் வழியே எந்தத் தண்ணீர் எவ்வளவு ஓடியது, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பேன். ஆழமும் வெப்பமும் அதற்கு அடுத்துத்தான். மணற்கல்லோடு பழகியவர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். குவார்ட்ஸ் மணி சாதாரண வெப்பத்தில் லேசில் கரையாது. சுண்ணாம்புச் சேறு அப்படி இல்லை. படிந்த அன்றே அதன் வேதியியல் வேலை தொடங்கிவிடும்.

முதலில் கனிமத்தைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட் வாய்பாட்டில் ஒன்றே, படிக அமைப்பில் முக்கியமாக இரண்டு: அரகோனைட், கால்சைட். பவளமும் பெரும்பாலான நத்தை, சங்கு வகைகளும் அரகோனைட்டால் ஓடு கட்டுகின்றன. கடல்முள்ளெலியும் சில செம்பாசிகளும் மக்னீசியம் நிறைய ஏற்றிய கால்சைட்டால் கட்டுகின்றன. சாக் பாறையை உண்டாக்கிய காக்கோலித்துகள், அதாவது சில மைக்ரான் அகலமே உள்ள பாசித் தகடுகள், மக்னீசியம் குறைந்த சாதாரணக் கால்சைட். இந்த மூன்றில் பூமியின் மேற்பரப்பு நிலைமையில் நிலையாக நிற்கக்கூடியது கடைசியாகச் சொன்னது மட்டுமே. மற்ற இரண்டும் என்றைக்காவது மாறியே தீர வேண்டும். வாய்ப்புக்காகக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த வாய்ப்பைத் தருவது பெரும்பாலும் மழைநீர். கடல்மட்டம் கொஞ்சம் இறங்கினாலோ நிலம் கொஞ்சம் எழும்பினாலோ ஆழமில்லாத சுண்ணாம்புப் படிவு வெளியே தலைகாட்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு இளம் அமிலமாகிறது, அரகோனைட்டைக் கரைக்கிறது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. அரகோனைட் கால்சைட்டை விடக் கொஞ்சம் அதிகமாகக் கரையும். ஆகவே அரகோனைட்டைக் கரைத்து நிறைவடைந்த, அதாவது அதற்கு மேல் அதைக் கரைக்க முடியாத நீர், கால்சைட் கணக்கில் பார்த்தால் அளவுக்கு மீறி நிறைந்த நீர். அது கால்சைட்டைப் படியவைத்தே ஆக வேண்டும். படியவைத்ததும் மறுபடி அரகோனைட்டைக் கரைக்க இடம் கிடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலே, அரகோனைட் இருக்கும் வரை இந்தச் சுழற்சி ஓடும். பஹாமாஸ், பெர்முடா, பார்படோஸ் தீவுகளின் இளம் சுண்ணாம்புக்கற்களில் இது எல்லா நிலைகளிலும் காணக் கிடைக்கிறது. சில ஆயிரம் ஆண்டு வயதான கல்லில் பவளம் பவளமாகவே இருக்கும், சில லட்சம் ஆண்டு ஆனதில் அதே பவளம் கால்சைட்டாகியிருக்கும். இத்தனைக்கும் அவை ஆழத்தில் புதைந்ததே இல்லை.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அரகோனைட்டால் ஓடு கட்டிய பழைய சிப்பி ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிக்கோடு கருமையான மெல்லிய விளிம்பாகத் தெரியும். ஓடு கடலடியில் கிடந்தபோதே நுண்ணுயிர்கள் அதைத் துளைத்தன, துளைகளில் நுண்சேறு அடைந்தது, அதுதான் அந்த விளிம்பு. விளிம்புக்கு உள்ளே சிப்பியின் அடுக்குகள் ஒன்றும் இருக்காது. கண்ணாடி போன்ற கால்சைட் படிகங்கள் மட்டும் இருக்கும். ஓரத்தில் பொடிப்பொடியாகத் தொடங்கி நடுவுக்குப் போகப் போகப் பெரிதாகும். சிப்பி முழுதாகக் கரைந்து வெற்றிடமாகி, பிறகு அந்த வெற்றிடத்தின் சுவரிலிருந்து படிகங்கள் உள்நோக்கி வளர்ந்தன என்பதற்கு அது சாட்சி. பக்கத்திலேயே கால்சைட்டால் ஆன கிளிஞ்சல் ஒன்று கிடந்தால் அதன் வளர்ச்சிக் கோடுகள் ஒன்றுகூடக் கலையாமல் இருக்கும். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பி இன்றும் முழுசாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். அதுவும் சாக் பாறையைப் போலக் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, அந்தச் சிப்பியின் ஓடு கால்சைட். புதைபடிவங்களை வைத்து ஒரு பழங்கடலில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று கணக்குப் போடுபவர்கள் இதை மறந்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். அந்தக் கல் சீவலை அலிசரின் சிவப்புச் சாயமும் நீர்த்த அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நிமிடம் போல நனைத்தால் கால்சைட் சிவக்கும், டோலமைட் (கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமம்) நிறம் ஏறாமல் நிற்கும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சேர்த்தால் இரும்பு கலந்த கால்சைட் நீலமோ ஊதாவோ ஆகும். ஒரே துளையைச் சுற்றி முதலில் சிவப்பு வளையம், பிறகு ஊதா வளையம் என்று தெரிந்தால் என்ன அர்த்தம்? முதல் நீரில் ஆக்சிஜன் இருந்தது, இரும்பு கரையவில்லை. அடுத்து வந்த நீர் ஆழத்தில் ஆக்சிஜன் இழந்த நீர், இரும்பைச் சுமந்து வந்தது. கல்லுக்குள் ஓடிய தண்ணீரின் வரலாறே இப்படி வளையம் வளையமாகப் பதிவாகிறது. சுண்ணாம்புக்கல் ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், செலவும் மிகக் குறைவு.

துளைகளை நிரப்பும் இந்தக் கால்சைட்டைத்தான் புவியியலில் சிமென்ட் என்கிறோம். மூட்டையில் வரும் சிமென்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிதாகப் படிந்த சுண்ணாம்பு மணலில் கொள்ளளவில் 40 முதல் 50 விழுக்காடு வரை வெற்றிடம். சேறாக இருந்தால் 60, 70 என்று போகும். பழைய சுண்ணாம்புக்கற்களிலோ பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் கீழே. அத்தனை வெற்றிடத்தையும் அடைத்த கால்சைட் எங்கிருந்து வந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்சைட்டின் அடர்த்தி 2.71. ஒரு லிட்டர் வெற்றிடத்தை நிரப்ப 2.71 கிலோ வேண்டும். கடந்து போகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் தாராளமாக 100 மில்லிகிராம் விட்டுச்சென்றாலும் 27,000 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். மேற்பரப்புக்கு அருகில் இது நடக்கும், மழை அங்கே வருடா வருடம் பெய்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நீர் ஓட்டம் மிக மந்தம், அத்தனை லிட்டர் வர வழியில்லை. ஆகவே ஆழத்தில் சிமென்ட் வேண்டுமானால் பக்கத்துக் கல்லே கரைந்து தர வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடலுக்குள்ளேயே இறுகுவதும் உண்டு. அலை ஓயாமல் நீரை உள்ளே தள்ளுகிற பவளத்திட்டுகளில் அது நடக்கிறது. கரையோரக் கடற்கரைப் பாறை இன்னும் வேகம். வெப்பமண்டலக் கடற்கரைகளில் கண்ணாடி பாட்டிலும் தகர டப்பாவும் உள்ளே சிக்கி இறுகிய பாறைகள் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன, அதாவது சில பத்தாண்டுகள் போதும். மன்னார் வளைகுடாக் கரையிலும் இவ்வகைப் பாறை உண்டு.

கரைவதைப் பற்றியும் பேச வேண்டும். சிலர் இதைக் கல்லின் அழிவு என்று தனியாக ஒதுக்குகிறார்கள், ஆனால் அதுவும் இதே கதையின் பகுதிதான். யாழ்ப்பாணத்துக்குக் கீழே இருப்பது மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு இல்லாத அந்தக் குடாநாடு தண்ணீருக்கு அந்தக் கல்லைத்தான் நம்பியிருக்கிறது. மழைநீர் பிளவுகளை அகட்டி, குகைகளாக்கி, கூரை தாங்காத இடத்தில் இடிந்து விழவைத்திருக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு அப்படிப்பட்ட ஒரு பள்ளம். அதில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். நல்ல நீர் கடல்நீரின் மேல் மிதக்கும் இந்த அமைப்பு வேதியியல் கண்ணுக்கு மிகவும் சுவையானது. கால்சைட்டால் நிறைவடைந்த நன்னீரையும், அதேபோல் நிறைவடைந்த உப்புநீரையும் கலந்தால், கலவை நிறைவு குறைந்ததாக ஆகிவிடக் கூடும். தனித்தனியே எதையும் கரைக்க மாட்டாத இரண்டு நீர்கள் சேர்ந்ததும் கல்லைத் தின்னத் தொடங்கும். கரையத்தகு அளவு உப்போடும் கார்பன் டை ஆக்சைடோடும் நேர்கோட்டில் மாறாததே இதற்குக் காரணம். மெக்சிகோவின் யூகட்டான் குடாநாட்டில் கடலோரக் குகைகள் உருவானதில் இந்தக் கலப்பு மண்டலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது நன்னீர் எல்லையும் கலப்பு மண்டலமும் கூடவே இறங்கின. இன்றைக்குக் கடலடியில் நீர் நிறைந்து கிடக்கும் குகைகள் பல அப்படி வந்தவைதான்.

டோலமைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முழுதாகச் சொன்னால் தனிப் பதில் ஆகிவிடும். மக்னீசியம் சுமந்த நீர் போதுமான அளவு ஓடினால் கால்சைட்டில் பாதிக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு மக்னீசியம் உட்காரும். கடல்நீர் இக்கனிமத்தின் கணக்கில் அளவுக்கு மீறி நிறைந்ததுதான். இருந்தும் இன்றைய கடலில் டோலமைட் அரிது, பழைய பாறைகளிலோ மலை மலையாகக் கிடக்கிறது. லிண்டன் லேண்ட் என்ற ஆய்வாளர் 25 டிகிரியில், ஆயிரம் மடங்கு மிகைநிறைவில் 32 ஆண்டுகள் காத்திருந்தும் டோலமைட் படியவில்லை என்று 1998ல் எழுதினார். அந்தப் பொறுமைக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறேன். 2023ல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு, படிகத்தின் குறையுள்ள அடுக்கு அவ்வப்போது கரைந்து மறுபடி வளர்ந்தால் வேகம் பெருமளவு கூடும் என்று காட்டியது. உங்கள் கேள்விக்கு வேண்டியது இவ்வளவுதான்: டோலமைட் அழுத்தத்தில் கால்சைட் அளவுக்குக் கரையாது, ஆகவே ஆழத்தில் துளைகளைக் காப்பாற்றிக்கொள்வதில் கெட்டி.

சரி, இப்போது சாக் பாறைக்கு வருவோம். இதுவரை சொன்ன அரகோனைட் சுழற்சி அதில் அநேகமாக இல்லை. அது தொடக்கத்திலிருந்தே நிலையான கால்சைட். ஆழமான கடலில் படிந்ததால் மழைநீரும் சீக்கிரம் எட்டவில்லை. இறுகச் செய்யும் இரண்டு பெரிய காரணங்களும் இல்லாமல் போனதால்தான் 8 கோடி ஆண்டுக்கு மேல் ஆகியும் டோவர்ப் பாறையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெற்றிடம் மிச்சமிருக்கிறது. சேறாக இருந்தபோது 70க்கு மேல். அந்த வித்தியாசத்துக்கு பாரம்தான் பெரும்பாலும் காரணம்: படியில் அரிசி அளக்கும்போது தட்டினால் இறங்குவது போல, தகடுகள் நெருங்கி உட்கார்ந்து தண்ணீரை வெளியேற்றின. அதற்கு மேல் நெருங்க அவற்றால் முடியாது. கொஞ்சம் சிமென்ட் தகடுகளின் தொடுபுள்ளிகளில் ஒட்டியதும் சட்டகம் நின்றுவிட்டது.

இன்னும் ஆழம் போனால் வேறொரு வேலை தொடங்குகிறது. இரண்டு மணிகள் தொடும் இடத்தில் அழுத்தம் குவியும், அங்கே கால்சைட் கரையும். கரைந்தது அழுத்தமில்லாத பக்கத்துத் துளைக்கு நகர்ந்து படியும். ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். களிமண் கொஞ்சம் இருந்தால் இந்தக் கரைவு ஒரு தளத்தில் கூடிக்கொள்ளும், நாளடைவில் ஈசிஜி கோடு போன்ற கரும் வரி உண்டாகும். அதுதான் ஸ்டைலோலைட். பளபளப்பாக்கிய சுண்ணாம்புக்கல் பதித்த வங்கித் தரையிலோ ஓட்டல் வரவேற்பறையிலோ குனிந்து பார்த்தால் கிடைக்கும். பலர் அதை விரிசல் என்று நினைத்துப் புகார் சொல்வார்கள். விரிசல் இல்லை, அங்கே இருந்த கல் கரைந்து போய், கரையாத களிமண்ணும் இரும்பும் மட்டும் மிஞ்சிய தழும்பு. அதன் பல் எவ்வளவு உயரமோ, குறைந்தபட்சம் அவ்வளவு தடிமன் கல் அங்கே காணாமல் போயிருக்கிறது. போன கல் வீணாகவில்லை, இரண்டு பக்கத்துத் துளைகளையும் அடைத்திருக்கிறது. மேலே போட்ட 27,000 லிட்டர் கணக்குக்கு ஆழத்தில் விடை இதுதான். தண்ணீர் ஓட வேண்டியதில்லை, நின்ற தண்ணீரிலேயே அயனிகள் சில சென்டிமீட்டர் பரவினால் போதும்.

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் நடந்தது இது. சாக்கின் மேல் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டி பசால்ட்டாக உறைந்தது. போர்ட்ரஷ் பக்கத்துக் கடலோரக் குன்றுகளில் வெள்ளைக்கல்லும், அதே கரையில் கொஞ்ச தூரத்தில் கரும்பாறையும் காணலாம். அந்தப் பாரமும் அதோடு வந்த வெப்பமும் அழுத்தக் கரைவைத் தூண்டின, துளைகள் அடைபட்டன. இங்கிலாந்துக்குள்ளேயே யார்க்ஷயர்ச் சாக், தெற்குச் சாக்கைவிட அதிகம் புதைந்தது, அதைவிடக் கெட்டி. ஆகவே பாரமா என்று நீங்கள் கேட்டது சாக் விஷயத்தில் பாதி சரி. ஆனால் அதே சாக்கே அதை மறுக்கவும் செய்கிறது.

வடகடலின் நார்வேப் பகுதியில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல். 1969ல் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் இருக்கும் சாக் அடுக்கு கடலடிக்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டரில். கணக்குப்படி ஆன்ட்ரிம் கல்லைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் அதில் 30, 40 விழுக்காடு வெற்றிடம் இருந்தது, சில இடங்களில் அதற்கும் மேலே, டோவர்ப் பாறையைப் போல! காரணம், உள்ளே அடைபட்டிருந்த நீரும் எண்ணெயும். மேலிருந்த பாறைகளின் பாரம் ஏறக்குறைய 62 மெகாபாஸ்கல், துளைத் திரவத்தின் அழுத்தம் ஏறக்குறைய 48. கல்லின் சட்டகம் உண்மையில் தாங்க வேண்டியிருந்தது வித்தியாசமான 14 மட்டுமே, அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் கிடந்த மாதிரி. மேலே கனமான களிமண் அடுக்கு மூடியிருந்ததால் திரவம் தப்ப வழியில்லாமல் பாரத்தில் பெரும்பங்கைத் தானே சுமந்தது. கால்சைட் மணிகளின் மேல் எண்ணெய் படிந்ததும் அயனி பரவலைத் தடுத்து சிமென்ட் வளர்வதைத் தாமதப்படுத்தியது என்று சிலர் வாதிடுகிறார்கள், சிலர் ஏற்கவில்லை. என் எண்ணத்தில் முதல் காரணம் அழுத்தம்தான், எண்ணெய் துணைக்கு வந்தது.

பிறகு 1971 முதல் அந்தத் திரவத்தை மனிதன் வெளியே எடுத்தான். துளை அழுத்தம் குறைந்தது, பாரம் சட்டகத்தின் மேல் இறங்கியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்ட நெருக்கம் பத்துப் பதினைந்து வருடத்தில் நடந்தது. 1984ல், அங்கிருந்த கான்கிரீட் சேமிப்புத் தொட்டியின் சுவரில் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டிய துளைவரிசைகள் குறைந்திருப்பதைக் கவனித்தார்கள். கடலடி சுமார் 3 மீட்டர் இறங்கியிருந்தது. 1987ல் எண்ணெய் எடுக்கும் மேடைகளின் கால்களை வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

துளை அழுத்தத்தை மீட்கக் கடல்நீரையும் பெருமளவில் உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் ஏறியது, ஆனால் நீர் எட்டிய இடங்களில் சாக் மேலும் நெருங்கியது. எண்ணெய் நனைத்த சாக்கைவிட நீர் நனைத்த சாக் பலவீனமானது. கடல்நீரிலுள்ள சல்பேட்டும் மக்னீசியமும் மணிகளின் மேற்பரப்பில் வினைபுரிந்து அதை இன்னும் பலவீனமாக்குகின்றன என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. சூடான சாக் துண்டுகளின் வழியே மக்னீசியம் கலந்த நீரைச் செலுத்தினால் வெளியே வரும் நீரில் மக்னீசியம் குறைந்தும் கால்சியம் கூடியும் இருக்கிறது. உள்ளே கால்சைட் கரைகிறது, மக்னீசியம் ஏறிய புதுக் கனிமம் படிகிறது, துண்டு நாளுக்கு நாள் கொஞ்சம் குட்டையாகிறது.